கேமராவுக்கு அந்தப் பக்கம்

அத்தியாயம் 9

"இது என் கையெழுத்து இல்ல" என்று ஹஃபீசா சொன்னதும் நர்ஸ் சாராள் முதலில் சிரித்தாள்.

"போன வாரம் போட்டதும்மா. மறந்திருப்பீங்க. இங்க வர்ற டென்ஷன்ல சில பேருக்கு வீட்டு அட்ரஸே மறந்து போயிடும்."

"நான் இங்கிலீஷ்ல கையெழுத்து போடுறதே இல்ல சிஸ்டர்."

சாராளின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த ஃபைலை மறுபடி விரித்துப் பார்த்தாள்.

கிழக்குத் தாம்பரம், வேதசிரோமணி நர்சிங் ஹோமின் மாடி வராந்தா. புதன்கிழமை காலை பத்தேகால். தூரத்தில் ஸ்டேஷன் மைக் செங்கல்பட்டு வண்டி தாமதம் என்று அறிவித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் பதினேழே நாளில் நடந்தது. குளிக்கும்போது இடது மார்பில் விரலுக்குத் தட்டுப்பட்ட சுண்டைக்காய் அளவுக் கட்டியை ஹஃபீசா மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் கணவர் முஸ்தபாவிடம் சொன்னாள். பிறகு ஸ்கேன், ஊசி டெஸ்ட், அதற்குமேல் போன புதன்கிழமை இதே மாடியின் கோடி அறையில் 'டிவி ஸ்கேன்'. இன்று மறுபடி அதற்கே வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பெயரை வைத்தவன் மகன் ஷாகுல்.

"புது மெஷின்மா. நீ சும்மா உக்காந்தா போதும். அதுவே படம் எடுத்துக்கும்."

அவளும் போய் உட்கார்ந்தாள். பர்தாவைக் கழற்றினாள். சொன்னபடியெல்லாம் செய்தாள்.

"சிஸ்டர், அந்த மெஷினுக்கு எதுக்குக் கையெழுத்து?"

சாராள் நிமிர்ந்து பார்த்தாள். போன வாரம் அவள் லீவு. அன்று யார் என்ன சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

"மெஷினுக்கு இல்லம்மா. டாக்டருக்கு. கோயம்புத்தூர்லேர்ந்து டாக்டர் பத்ரிநாராயணன் உங்களைப் பார்த்தாரே, அதுக்கு. மாசத்துல ஒரு சனிக்கிழமை இங்க வந்து ஆபரேஷன் பண்ணுவாரு. அதுக்கு முன்னாடி யார் யாருக்கு என்னன்னு அங்கேயிருந்தே கேமராவுல பார்த்துக்குவாரு. மூணு டெலிபோன் லைனைச் சேர்த்து…"

மீதி எதுவும் ஹஃபீசாவின் காதில் விழவில்லை.

டாக்டர். ஆண்.

உடம்பைப் பார்த்துவிட்டார் என்பது இரண்டாவதாகத்தான் உறைத்தது. முதலில் உறைத்தது வேறு. அன்று நடுவில் நர்ஸ் பெண் ஏதோ எடுத்து வர வெளியே போனாள். அறையில் அவளும் அந்தக் கறுப்புக் கண்ணும் மட்டும். கட்டி தட்டுப்பட்டதிலிருந்து முதல் முறையாக, யாரும் பார்க்காத இடம் கிடைத்ததென்று நம்பி, ஹஃபீசா வாய் விட்டு அழுதாள். வீட்டில் அழ முடியவில்லை. முஸ்தபா தாங்க மாட்டார், மருமகள் பயந்துவிடுவாள், பேத்தி ஏன் என்று கேட்பாள். மெஷின் என்ன கேட்கப் போகிறது?

"சிஸ்டர், அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்கு? எனக்குப் படிச்சுச் சொல்லு."

"இங்கிலீஷ்மா. பெரிசு."

"நேரம் இருக்கில்ல?"

சாராள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். டாக்டர் தூரத்தில் இருக்கிறார். கேமராவில் தெரியாமல் போவதும் உண்டு. நேரில்தான் காட்டுவேன் என்று நோயாளி சொல்லலாம். அந்தப் பக்க அறையில் வேறு ஆட்கள் இருக்கக்கூடும், மருத்துவ மாணவர்களும் சேர்த்து. பாடம் நடத்துவதற்காகப் படம் பதிவாகலாம்.

"கடைசி வரி இன்னொரு தடவை."

"'இதற்குச் சம்மதிக்க மறுக்கலாம். பாதியில் நிறுத்தச் சொல்லலாம். அதனால் சிகிச்சைக்கு எந்தத் தடையும் வராது.'"

"இது எல்லாருக்கும் போட்டதா?"

"எல்லாருக்கும்தாம்மா. யாரும் படிக்கிறதில்ல. கூட வர்றவங்க வாங்கி டக்குனு போட்டுக் குடுத்துடுவாங்க."

ஹஃபீசா அந்தக் கையெழுத்தையே பார்த்தாள். ஆங்கில எஃப்பின் வால் கீழே இறங்கி, கொக்கி போல் வளைந்திருந்தது. ஆறாம் வகுப்பில் அந்த வாலுக்காக டீச்சரிடம் அடி வாங்கி வந்தவன் யார் என்று அவளுக்குத் தெரியாதா?

ஷாகுல் படியேறி வந்தான். கையில் ஜெராக்ஸ் பேப்பர்கள். அம்மாவின் மடியில் ஃபைலைப் பார்த்ததும் கடைசிப் படியில் நின்றான்.

"யாருடா போட்டது?"

அவன் பொய் சொல்லப் பார்க்கவில்லை. அந்த மட்டில் அவளுக்கு ஒரு நிம்மதி.

"நான்தாம்மா."

"எதுக்கு?"

"அம்மா, இங்க வேணாம். வூட்டுக்குப் போயி…"

"இங்கதான்டா போட்ட. இங்கயே சொல்லு."

ஷாகுல் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். இருபத்தொன்பது வயது. திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் அத்தா முஸ்தபாவின் லேத் பட்டறையை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். டெலிவரி சலானில் அத்தாவின் கையெழுத்து, கேஸ் புக்கில் மனைவியின் கையெழுத்து, வாட்ச்மேன் ஊருக்குப் போனால் வாட்ச்மேனின் கையெழுத்து, எல்லாம் அவன்தான் போடுவான். வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கை பழகிப்போய் இங்கேயும் எழுதிவிட்டது.

"ஆம்பளை டாக்டர்னு சொன்னா நீ வந்திருக்கவே மாட்டம்மா. அந்த டாக்டர் ஒருத்தர்தான் முழுசா எடுக்காம பண்ண முடியும்னு சொல்றாங்க. மாசத்துக்கு ஒரு நாள் வர்றாரு. இந்தச் சனிக்கிழமை விட்டா அடுத்த மாசம். அது வரைக்கும் உள்ள அது வளர்ந்துகிட்டே இருக்கும். நான் என்ன பண்ணட்டும்?"

"கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ மாட்டேன்னுதான் சொல்லியிருப்ப."

"கேட்டியா?"

அவன் கையிலிருந்த ஜெராக்ஸ் பேப்பர்களை உருட்டினான்.

முஸ்தபா வந்து சேர்ந்தபோது இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டைக் கைமடிப்பில் இரும்புத் தூள் மினுங்கியது. மனைவியின் முகத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார்.

"தெரிஞ்சிடுச்சா?" என்று மகனிடம் கேட்டார்.

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

"உங்களுக்கும் தெரியுமா?" என்றாள் ஹஃபீசா.

"அவன் சொன்னான். எனக்கும் வேற வழி தோணல. உன்னை எனக்குத் தெரியாதா ஹஃபீசா? பல்லு டாக்டர்கிட்டயே லேடி டாக்டர் இருக்காங்களான்னு கேக்குறவ நீ."

"பல்லு வலிக்கு லேடி டாக்டர் தேடுவேன். உசுருக்கும் தேடுவேன்னு யாரு சொன்னா?"

முஸ்தபா கைமடிப்பிலிருந்த இரும்புத் தூளைத் தட்டினார்.

"செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில இவனைப் பெத்தேனே, அப்ப யாரு பார்த்தாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"லேடி டாக்டருதானே. உங்க அம்மா சொன்னாங்களே."

"அம்மா அப்படித்தான் சொல்வாங்க. லேடி டாக்டர் அன்னைக்கு லீவு. புள்ளை குறுக்க கெடக்கு. நீங்க பம்பாய்ல. ஒரு சின்ன வயசு டாக்டர் வந்தாரு, மீசைகூடச் சரியா மொளைக்கல. 'அம்மா, நான் பார்க்கட்டுமா, உங்களுக்குச் சம்மதமா'ன்னு கேட்டாரு. அந்த வலியிலயும் எனக்கு அது கேட்டுச்சு. பாருங்கன்னு தலையை ஆட்டினேன். அவர் கையிலதான் இவன் வந்து விழுந்தான்."

ஷாகுல் தலையைக் குனிந்துகொண்டான்.

"இத்தனை வருஷமா சொல்லலியே நீ" என்றார் முஸ்தபா.

"நீங்க கேக்கல. நானும் சொல்லல." ஹஃபீசா மகன் பக்கம் திரும்பினாள். "நீ கேட்டிருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேன்டா. அதுதான் எனக்குத் தாங்கல."

கோடி அறைக் கதவு திறந்தது. கேமராவும் கம்பிகளும் பார்க்கிற மாரி தலையை நீட்டினான்.

"லைன் கெடச்சிருச்சு. இருவது நிமிஷம்தான் கீது. பேஷண்ட்டை அனுப்புங்க." ஷாகுலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணா, போன வாட்டி மாதிரியே டிவியைச் சொவுரு பக்கம் திருப்பிடவா? சவுண்டும் கட் பண்ணிரட்டா?"

ஹஃபீசாவின் பார்வை மகனிடம் போனது.

"அதுவும் நீ சொன்னதுதானா?" என்றாள் ஹஃபீசா.

மாரிக்கு அப்போதுதான் ஏதோ புரிந்தது. "நான் இன்னாம்மா கண்டேன்? அம்மா பயந்துடுவாங்கன்னு அண்ணன் சொன்னாரு. நல்லதுக்குன்னு செஞ்சேன்."

"எல்லாரும் நல்லதுக்குத்தான்ப்பா செஞ்சிருக்கீங்க."

அவள் எழுந்தாள். ஒரு கணம் படிக்கட்டின் பக்கம் பார்த்தாள். இறங்கிப் போய்விடலாம். தடை இல்லை என்று அந்தப் பேப்பரிலேயே எழுதியிருக்கிறது. முஸ்தபாவும் அதே படிக்கட்டைப் பார்த்தார். அவர் கை பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

"டிவியை என் பக்கம் திருப்பு. சவுண்டு வை. சிஸ்டர், நீ மட்டும் என்கூட வா."

"அம்மா, நானும்…" என்று ஷாகுல் எழுந்தான்.

"உக்காரு."

அவன் உட்கார்ந்தான்.

திரையில் முதலில் கோடு கோடாக வந்தது. பிறகு ஒரு முகம் துண்டு துண்டாகச் சேர்ந்தது. நாற்பது நாற்பத்திரண்டு வயது, கண்ணாடி, கழுத்தில் தொங்கும் ஸ்டெத். உதடு அசைந்து முடிந்த பிறகு குரல் வந்தது.

"வணக்கம்மா. எப்படி இருக்கீங்க?"

"டாக்டர், நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குதும்மா. போன வாரம் நீங்க பேசவே இல்ல."

"நீங்க இருக்கீங்கன்னே எனக்குத் தெரியாது. மெஷின்னு நெனச்சு உக்காந்திருந்தேன். அந்தப் பேப்பர்ல இருக்கிறது நான் போட்டதில்ல."

குரல் போய்ச் சேர இரண்டு நொடி ஆகும் என்பதை மறந்து, அவர் முகத்தில் எதுவும் மாறவில்லையே என்று பார்த்தாள். பிறகு மாறியது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"உங்க அறையில எத்தனை பேர் இருக்காங்க டாக்டர்?"

அவர் மறைக்கவில்லை. கேமராவை மெல்லத் திருப்பினார். வெள்ளைக் கோட்டில் மூன்று பேர். இரண்டு பையன்கள். சுவரோரம் ஒரு பெண்.

"ஸ்டூடண்ட்ஸ்மா."

"போன வாரமும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

ஹஃபீசா கண்ணை மூடிக்கொண்டாள். சாராளின் கை அவள் தோளுக்கு வந்தது. அதை அவள் விலக்கவில்லை.

"உங்க கையெழுத்தோட பேப்பர் ஃபேக்ஸ்ல வந்துச்சு" என்றார் டாக்டர். "அதை நம்பிட்டேன். ஆனா சவுண்டு வேண்டாம்னு அங்கேயிருந்து சொன்னப்ப நான் ஏன்னு கேட்டிருக்கணும். உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசாம பார்த்திருக்கக் கூடாது. தப்பு என்னோடதும்தாம்மா. இப்பவே நிறுத்திடலாம்னா நிறுத்திடுறேன். சனிக்கிழமை நேர்ல வந்து பார்க்கிறேன். அதுவும் வேண்டாம்னா நல்ல லேடி சர்ஜன் ஒருத்தருக்கு லெட்டர் தர்றேன்."

"படம் புடிச்சீங்களா?"

"சி.டி. ஒண்ணு இருக்கு."

"அது வேணாம்."

அவர் எழுந்து போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கேமராவுக்கு முன்னால் சி.டி.யைப் பிடித்து, மேலிருந்த பெயரைக் காட்டி, இரண்டு கையாலும் மடக்கினார். அது உடைவது முதலில் தெரிந்தது, சத்தம் பிறகு வந்தது.

மாணவர்கள் வெளியே கிளம்பினார்கள். கடைசியாகப் போன பெண் கேமரா அருகில் தயங்கி நின்றாள்.

"அம்மா, போன வாரம் நீங்க அழுதப்ப நான் வெளிய போயிட்டேன். அதைப் பார்க்கறது சரியாப் படல."

ஹஃபீசா அந்த முகத்தைப் பார்த்தாள். தன் மருமகள் வயதுதான் இருக்கும்.

"உன் பேரு என்னம்மா?"

"மிருதுளா."

"நீ இரு."

பிறகு சாராளிடமிருந்து புதுப் படிவத்தை வாங்கினாள். படம் எடுக்கும் வரி எது என்று கேட்டு, அதன் மேல் ஒரு கோடு போட்டாள். ஆட்கள் இருக்கலாம் என்ற வரிக்குப் பக்கத்தில் 'மிருதுளா மட்டும்' என்று தமிழில் எழுதினாள். கீழே பெயரை எழுதினாள். ஐந்தாவது வரை படித்த கை.

"இப்ப சொல்லுங்க டாக்டர். ஊசி டெஸ்ட்டுல என்ன வந்திருக்கு?"

அவர் நேராக அவளிடம் சொன்னார்.

"கேன்சர்மா. ஆரம்பம்தான். சின்னது. கட்டியை மட்டும் எடுத்துட்டு அப்புறம் கரண்ட்டு, அதான் ரேடியேஷன், வைக்கலாம். இல்ல, முழுசா எடுத்துடலாம். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும். உங்களுக்கு முதலாவதே போதும்னு என் அபிப்பிராயம். கேமராவை மட்டும் நம்பிக் கத்தியை எடுக்க மாட்டேன், சனிக்கிழமை காலையில கையால தொட்டுப் பார்த்துத்தான் செய்வேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள உங்க முடிவைச் சொன்னா போதும்."

அவள் அழவில்லை. அழுகை போன வாரமே முடிந்துவிட்டது போலிருந்தது.

"ஒரே ஒரு கேள்விம்மா" என்றார் டாக்டர். "ரொம்ப முக்கியம். உங்க அம்மா, கூடப் பிறந்தவங்க, யாருக்காவது இந்த மாதிரி வந்திருக்கா? வந்திருந்தா நான் சொன்ன யோசனையே மாறும். அந்தப் பக்கத்தையும் பார்க்கணும்."

"அம்மாவுக்கு இல்ல. தங்கச்சி ஒருத்தி. மஹீன். கூடுவாஞ்சேரியில இருக்கா." ஹஃபீசா பேனாவை மூடி வைத்தாள். "பேச்சுவார்த்தை இல்ல. ஆனா அவளுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

டாக்டர் எழுதிக்கொண்டார். திரை கோடு கோடாகி அணைந்தது.

வெளியே வந்தபோது அப்பாவும் மகனும் ஒன்றாக எழுந்தார்கள்.

"கேன்சர்தான்" என்றாள் ஹஃபீசா. "ஆரம்பமாம். கட்டியை மட்டும் எடுத்தா போதும்ங்கிறாரு."

ஷாகுல் இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவள் அவன் தலையில் கை வைத்தாள். கோபம் இருந்தது. கையும் போனது.

"சனிக்கிழமை பண்ணிடலாமாம்மா?" விரல்களுக்கு நடுவிலிருந்து கேட்டான்.

"நான் சொல்றேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் குடுத்திருக்காரு. வேற என்ன, குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு கேட்டாரு. இருந்தா வைத்தியமே மாறுமாம். யாருக்கும் இல்லன்னு சொல்லிட்டேன்."

முஸ்தபா மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்னங்க?"

"இருக்கு ஹஃபீசா."

"யாருக்கு?"

"மஹீனுக்கு."

நர்சிங் ஹோம் சத்தம் முழுவதும் எங்கோ தள்ளிப் போனது. ஹஃபீசா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாலு வருஷம் ஆச்சு. ஷாகுல் நிக்காஹ்வுக்கு மொத நாள் அட்மிட் ஆனா. கூட்டிட்டுப் போய்ச் சேர்த்ததே நான்தான். ரெண்டையும் எடுத்துட்டாங்க. 'கல்யாண வூடு மச்சான், அக்காகிட்ட சொல்லாதீங்க'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. கல்யாணம் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ, கூடப் பொறந்தவ புள்ளை கல்யாணத்துக்கு வரலன்னு, இனிமே அவ பேரையே எடுக்கக் கூடாதுன்னுட்ட. அவகிட்ட போய்க் கேட்டேன். 'அக்கா கோவமாவே இருக்கட்டும், பரிதாபப்பட வேணாம்'னா. சொல்றதா வேணாமான்னு அவதானே சொல்லணும்? வாயை மூடிக்கிட்டேன்."

நிக்காஹ் அன்று மஹீனுக்கென்று எடுத்து வைத்திருந்த புடவையை, சாயங்காலமே வேலைக்காரிக்குக் கொடுத்தது ஹஃபீசாவுக்கு நினைவு வந்தது. எல்லார் முன்னாலும் கொடுத்தாள். வேண்டுமென்றே.

"அவ நல்லா இருக்காளா?"

"இருக்கா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப் போறா."

ஹஃபீசா திரும்பிக் கோடி அறைக்குப் போனாள். மாரி கம்பிகளைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, லைன் மறுபடி போட முடியுமா? டாக்டர்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன்."

"இன்னைக்கு டைம் முடிஞ்சுபோச்சேம்மா. வேணும்னா போன் நம்பர் தர்றேன்."

"நான் போன் பண்ணிச் சொல்றேம்மா" என்றாள் சாராள். "தங்கச்சிக்கு எந்த வயசுல வந்துச்சு, என்ன ரிப்போர்ட்டு, எல்லாம் கேப்பாரு. அவங்க பேப்பர் கெடைக்குமா?"

"அத்தா வாங்கிட்டு வந்துடுவாரு" என்றான் ஷாகுல் அவசரமாக. "இல்ல, சித்தி வூட்டுக்கு நானே பைக்ல…"

"அது அவ பேப்பர்" என்றாள் ஹஃபீசா. "தர்றதும் தராததும் அவ இஷ்டம். கேக்க வேண்டியவ நான்."

"உடம்பு இருக்கிற இருப்புல தனியா எப்படிப் போவ? பாதி வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்றார் முஸ்தபா.

"உடம்புக்கு ஆனது தெரிஞ்சுபோச்சு. நீங்க ரெண்டு பேரும் வூட்டுக்குப் போங்க."

ரயில்வே பாலத்தின் படிகளில் நின்று மூச்சு வாங்கி ஏறினாள். ஸ்டேஷனில் கூட்டம் குறைந்திருந்தது. பின்னால் இருபதடி தள்ளி முஸ்தபா வருவது அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் கிட்டே வரவில்லை.

மஹீனிடம் என்ன சொல்லித் தொடங்குவது? நாலு வருஷத்துக்கா, ஒரு புடவைக்கா? அவள் கதவைத் திறந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டால்? மூடிக்கொள்ள அவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

கவுண்டரில் இருந்தவர் கண்ணாடிக்கு அப்பால் நிமிராமல் கேட்டார்.

"எங்கம்மா?"

"கூடுவாஞ்சேரி ஒண்ணு."

"சிங்கிளா, ரிட்டர்னா?"

எப்போது திரும்புவோம் என்று ஹஃபீசா யோசித்தாள்; அது மஹீன் கையில் இருந்தது. வரிசையில் அடுத்து நின்ற யாரோ ஒருவர் பொறுமையில்லாமல் தொண்டையைச் செருமினார்.

"சிங்கிள்" என்றாள்.